பங்களாக் குளத்துக்குப் போன தண்ணீர்

செத்துப்போன மூன்று மீன்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்து நான் வேலை செய்கிற கடைக் கவுண்டரில் வைத்தார் சித்தப்பா. நுவரெலியாவில் தண்ணீர் மோட்டர் விற்கிற கடை அது. விற்பதும் நான்தான், வீடு வீடாகப் போய்ப் பொருத்திப் பூட்டிக் கொடுப்பதும் நான்தான். "இந்தா புள்ள, இதுங்களுக்கு என்னா வந்துச்சுனு கொஞ்சம் பாரு" என்றார். "சித்தப்பா, இது மோட்டர் கடைங்க. மிருக ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்கு" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை மீன் செத்தால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று நோனா சொல்லிவிட்டாராம்.

சித்தப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவில் தோட்டக்காரர். கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மையார் அதை எடுத்துச் சுற்றுலா விடுதியாக மாற்றியிருந்தார். அவரைத்தான் எல்லோரும் நோனா என்போம். கலியாணம் கட்டாத சித்தப்பாவுக்குப் பங்களாவின் பின்னாலிருந்த அறைதான் வீடு. அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தது அந்த அறையிலிருந்து வந்த சம்பளம். அதனால் அன்றைக்கே அவரோடு பஸ் ஏறினேன்.

முன்வாசலில் குளம். பதினைந்தாயிரம் லீற்றர் தண்ணீர் பிடிக்கும் என்று அளந்து பார்த்தேன். முன்பு பத்து மீன் இருந்த இடத்தில் இப்போது அறுபது. வருகிற விருந்தாளியெல்லாம் பாணைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுத் தண்ணீர் பச்சையாகி நாற்றமெடுத்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது குளத்துத் தண்ணீர் முழுதும் மாறவேண்டும். மலைத் தொட்டியிலிருந்து வந்த மெல்லிய குழாயோ இருபது லீற்றர் வாளியை நிரப்ப நாற்பது வினாடி எடுத்தது. அந்தக் கணக்கில் குளம் ஒரு தடவை மாற எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளத்துத் தண்ணீரையே வடிகட்டித் திரும்பச் சுற்றவிடுகிற மோட்டர் ஒன்று போடலாம் என்றேன். மலையிலிருந்து சும்மா வருகிற தண்ணீர் இருக்கும்போது சத்தம் போடுகிற மோட்டர் எதற்கு என்று நோனா கேட்டார். சரி, குழாயையே பெரிதாக்குவோம் என்றேன். அந்த யோசனை முழுக்க என்னுடையது. யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை.

புதுக் குழாய் போட்ட அன்று காலை பத்து மணிக்கு, சித்தப்பா வாளியைப் பிடிக்க, நான் போனில் நேரம் பார்த்தேன். பத்து வினாடியில் வாளி நிறைந்தது. இன்னொரு தடவை பார்த்தோம், அப்போதும் பத்துதான். மேலே போய்ப் பார்த்தால் தொட்டியும் வழிந்துகொண்டுதான் இருந்தது. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று சமையல்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் அம்மா, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலிருந்து போன் எடுத்தாள். "என்னாடி செஞ்சு வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? கொழுந்து நிறுத்துப்புட்டு வந்து பைப்பத் தொறந்தா காத்துதான் வருது." அப்போதுதான் எனக்கு உறைத்தது. லயத்துக்கும் அதே தொட்டிதான். வெள்ளைக்காரன் காலத்திலேயே பங்களாக் குழாயைத் தொட்டியின் அடியிலும், லயத்துக் குழாயை ஒரு முழம் மேலேயும் வைத்துக் கட்டியிருந்தார்கள். தொட்டி இறங்கினால் முதலில் காய்வது லயம். காலை பத்து மணிக்கு லயத்தில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் மலையில் கொழுந்து பறிக்கிறார்கள், பைப் எல்லாம் மூடிக் கிடக்கிறது, தொட்டி வழியாமல் என்ன செய்யும்? நான் அந்த லயத்தில் பிறந்தவள். நாலு மணிக்கு அந்தப் பைப்படியில் வாளியோடு நின்று சண்டை போட்டு வளர்ந்தவள். வெளியூர்க்காரன் எவனாவது இப்படி அளந்திருந்தால் நானே அவனைக் கிழித்திருப்பேன்.

பழைய குழாயைத் திரும்பப் போட நோனா விடவில்லை. மீன்கள் தேறிவிட்டன, குளம் அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே தொட்டியடியில் பங்களாக் குழாய்க்கு ஒரு வால்வு வைத்தேன். சித்தப்பா தினமும் மதியச் சோற்றுக்குப் பிறகு மலையேறி அதை மூடுவார். லயத்தில் எல்லோரும் குளித்து முடித்ததும் மறுபடி ஏறித் திறப்பார். பிள்ளைகள் விளையாடித் திறந்துவிடக்கூடாதென்று அதற்கு ஒரு பூட்டு. ஒரு சாவி அவரிடம், மற்றது என்னிடம். இரண்டு மாதம் அட்டைக் கடியோடு ஏறி இறங்கினார். மீனும் சாகவில்லை, லயமும் காயவில்லை.

பிறகு அம்மாவின் லயத்து அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் ஒரு மரணம். அடக்கம் பண்ணிவிட்டு வருகிறவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். அன்று பங்களா நிறைய விருந்தாளிகள். நோனா சித்தப்பாவை அசையவிடவில்லை. மூன்று மணிக்கு எனக்குப் போன் எடுத்தார். "புள்ள, ஓடிப்போயி அந்த வால்வ மூடிரு. பெரிய பாவமாப் போயிரும்." நான் வலப்பனையில் ஒரு வீட்டு மோட்டரைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பஸ் கிடைத்து நான் லயத்துக்கு வந்தபோது ஆறு மணி தாண்டியிருந்தது. பிணத்தைச் சுமந்தவர்கள் மண் ஒட்டிய காலோடு வாசலில் நின்றார்கள். இறந்தவரின் மகன் காய்ந்த பைப்படியில் குந்தியிருந்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் விடிந்தபோது பங்களாக் குழாய் அறுபட்டுக் கிடந்தது. குளத்தில் ஏழு மீன் மிதந்தன. காட்டுப்பன்றி கடித்துவிட்டது என்று சித்தப்பா சொன்னார். நோனா என்னை வரவழைத்து, அறுந்த துண்டைக் கையில் கொடுத்து, பன்றி இப்படிக் கடிக்குமா என்று சிங்களத்தில் கேட்டார். அது குழாய் அறுக்கிற வாளால் அறுத்த வெட்டு. நானே தினமும் அப்படித்தான் அறுக்கிறேன். உண்மையைச் சொன்னால் லயத்துக்குப் பொலிஸ் வரும். பன்றி என்றால் அவர் நம்பப்போவதில்லை. சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லத் தெரியல நோனா" என்றேன். உன் வேலையே குழாய் அறுப்பதுதானே என்று சிரித்தார் அவர். அந்த வாரமே சித்தப்பாவின் துணிமூட்டை அம்மாவின் காம்பராவுக்கு வந்துவிட்டது.

லயத்தில் பத்து நாள் இருந்தார். எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் பைப்படிக்குப் போவார். அவர்களைக் காப்பாற்றத்தான் பன்றி என்றார் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் அவர் முகம் பார்த்துப் பேசவில்லை. பதினோராம் நாள் கொழும்பில் ஒரு மாடிவீட்டுக் கேட்டடியில் காவல் வேலைக்குப் போய்விட்டார்.

நான் முதலில் சொன்ன அதே மோட்டரை நோனா பிறகு எங்கள் கடையில்தான் வாங்கினார். முதலாளி என்னைத்தான் பூட்ட அனுப்பினார். போனேன், வேறு வழி? இப்போது குளத்துத் தண்ணீர் தன்னாலேயே சுற்றுகிறது. சத்தமும் அவ்வளவாக இல்லை. பங்களா வாசலில் வேறொருவர் புல் வெட்டுகிறார். பின்னறையில் விருந்தாளிகளின் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். போன வாரமும் எடுத்தார். பின்னால் வாகனச் சத்தம்.

"மீனெல்லாம் எப்புடி இருக்கு புள்ள?"

"நல்லா இருக்குங்க சித்தப்பா."

"லயத்துல தண்ணி?"

"வருதுங்க. நாலு மணிக்கும் வருது."

அவர் கேட்டைத் திறந்து ஒரு வாகனத்தை உள்ளே விடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப எல்லாஞ் சரியாயிருச்சு" என்றார்.

"ஆமாங்க சித்தப்பா" என்றேன்.