கோல்ப்பு கிளப்பில் பாத்தி மிதித்தவர்

பூவம்மா கோதண்டத்தின் பெயரை முதன்முதல் கேட்டது மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது. வேலைவிட்டு வந்த அண்ணன் கிருஷ்ணப்பன் தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் அம்மா பட்டம்மாளைக் கேட்டான்.

"யம்மா, வள்ளூர்ல உன் ஒண்ணுவிட்ட அண்ணன் புள்ள உப்பளத்துல பாத்தி மிதிக்கிறானாமே, கோதண்டம்னு. வேலை எப்பிடி?"

"அவன் மிதிச்ச பாத்தியில மொகம் பாக்கலாம்டா."

கிருஷ்ணப்பன் எர்ணாவூரில் ஒரு துரை வீட்டு பட்லர். அந்தத் துரையும், ரயில்வேயிலும் துறைமுகத்திலும் இருந்த இன்னும் சில துரைமாரும் சேர்ந்து இருபத்தாறாம் வருஷம் மணல்வெளியில் கோல்ப்பு கிளப் தொடங்கினார்கள். குச்சியால் பந்தை அடித்து ஒன்பது குழியில் தள்ள வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். குழியைச் சுற்றிப் புல்தரை வேண்டுமாம். உப்புக்காற்றில் புல் ஏது? களிமண்ணை மிதித்துத் தரை கட்டி, மேலே எண்ணெய் பிசறிய மணலைத் தூவலாம் என்று முடிவானது. அதற்குத்தான் ஆள்.

கோதண்டம் வந்தான். நெட்டையான ஆள், பாதம் முறம் மாதிரி, பேச்சு குறைவு. தை மாதம்வரை தினக்கூலி, குறையில்லை என்றால் மாதச் சம்பளம் என்றார் துரை. முறைப்பையன்தானே, பூவம்மாவைக் கொடுத்துவிடலாம் என்றாள் பட்டம்மாள். கிருஷ்ணப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"மாசச் சம்பளம் ஆவட்டும், அப்பால தாலி. உப்பளத்து வெயில்ல என் தங்கச்சி காயறதுக்கா?"

மணல்வெளியை ஒட்டிய சவுக்குத் தோப்பில் செத்தை வாரும் சாக்கில் பூவம்மா ஒரு மாதமாக அவன் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசு எப்போதோ முடிவு செய்துவிட்டது.

ஆவணியில் திறப்பு விழா. துரை முதல் பந்தைத் தட்டினார். பந்து குழிக்குப் பக்கத்தில் போய், சற்றே யோசித்து, தென்கிழக்கு மூலைக்கு உருண்டது. அடுத்தவர் பந்தும் அங்கேதான். ஒன்பது குழியிலும் அதே கதை. துரைசானிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கிருஷ்ணப்பன் ஓடி வந்தான்.

"இன்னா மாமு பண்ணி வச்சிகீற?"

"வாட்டம் வச்சிகீறேன். வாட்டம் இல்லாட்டி தண்ணி எப்பிடி ஓடும்?"

"தண்ணி இன்னாத்துக்கு? தொரைங்க உப்பு வாரவா வந்துகீறாங்க?"

உப்பளத்துக்காரன் காலுக்குச் சரிவில்லாத தரை தெரியாது. தரையைச் சமமாக்க எட்டு நாள் கெடு கொடுத்தார்கள். மறுநாள் காலையில் பூவம்மா பித்தளைத் தட்டில் தண்ணீரோடு போய் நின்றாள்.

"தரையில தட்டை வை மாமா. தண்ணி எந்த விளிம்புல ஏறுதோ, அந்தப் பக்கம் பள்ளம்."

"ஒனக்கு இன்னா வந்துச்சு இதுல?"

"எனக்குத்தான் எல்லாம் இதுல கீது."

அவன் தட்டை வாங்கித் தரையில் வைத்தான். அவன் மிதிக்க, அவள் தட்டைப் பார்க்க, எட்டாம் நாள் ஒன்பது தரையும் பலகை போல ஆகிவிட்டன.

ஐப்பசி மழையில் ஒன்பதும் குட்டையாக நின்றன. கொக்கு வந்து இறங்கியது. தண்ணீர் ஏன் வடியவில்லை என்று துரை இங்கிலீஷில் கத்த, கிருஷ்ணப்பன் பயந்துகொண்டே தமிழில் சொன்னான். நீங்கள்தானே வாட்டம் வேண்டாம் என்றீர்கள் என்று கோதண்டத்தின் வாய்வரை வந்தது. தோப்போரம் நின்ற பூவம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் அதை விழுங்கினான்.

"மழைக்கு ஒரு மிதி, வெயிலுக்கு ஒரு மிதி தொரை. வருசா வருசம் மாத்தி மிதிக்கணும். ரெண்டும் எனக்குத் தெரியும்."

கிருஷ்ணப்பன் அதை மொழிபெயர்த்து, இந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தான். வருஷா வருஷம் வேலை என்றால் தினக்கூலி கட்டாது என்று துரைக்கும் பட்டது. தையில் மாதச் சம்பளம் ஆயிற்று, அந்த மாதமே தாலியும் ஏறிற்று.

கிளப்பை மூடும்வரை பதினாறு வருஷம் அவன் அங்கேயே மிதித்தான். பிள்ளைகள் மூன்று. கோதண்டம் இப்போது காலடிப்பேட்டையில் மூத்த மகள் அம்மு வீட்டில் பூவம்மாவோடு இருக்கிறார்.