ரெஜினா அக்காவின் கிழக்குச் சன்னல்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பனைச்செடித் தொட்டியின் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது கணு வரை ஈரம் இருந்தது. இன்று தண்ணீர் வேண்டாம் என்று எழுந்தபோது எதிர்வீட்டுப் பெண் வந்து, எனக்குப் போன் வந்திருப்பதாகச் சொன்னாள். திண்டுக்கல்லிலிருந்து ரெஜினா அக்காவின் தங்கை. "அக்கா போயிட்டாங்க கௌரி. விடியக்காலைல, தூக்கத்துலயே." பகல் பன்னிரண்டு மணிக்கு அடக்கம் என்றார். எந்த ரயிலைப் பிடித்தாலும் நான் போய்ச் சேர முடியாது. போனை வைத்தபோது என் நகக்கண்ணில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம்மோடு வேலை பார்த்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெஸ்பாட்ச் மேசையில் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவர். லாரி டிரைவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியது அவர் ஒருவரிடம்தான். ஆனால் அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு பனை வளர்ந்ததை உங்களில் சிலரே பார்த்திருப்பீர்கள். அது நம் கம்பெனிச் செடி.

மேனேஜர் அறைக்கு ஏசி வைத்த வருடம் நினைவிருக்கிறதா? அந்தக் குளிர்காற்று நேராக அடித்து மூலையிலிருந்த அழகுப் பனை பழுத்துப்போயிற்று. தொட்டியோடு தூக்கி லாரி ஷெட் பக்கம் வைத்துவிட்டார்கள். அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டரவாக்கத்தில் இருவருமாகத் தூக்கி ரயிலில் ஏற்றினோம். அக்கா மடியில் வைத்துக்கொண்டதில் ஓலை சாமான் பலகையைத் தொட்டது. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா விடவில்லை.

"இன்னாமே, மரத்துக்கு டிக்கெட் எட்த்தியா?"

"கொழந்ததானே, அர டிக்கெட்டு."

"கொழந்தயா! ரயிலு கூரய முட்டிகினு கீது, கொழந்தயாம்!"

திருமுல்லைவாயில் வரும்வரை பெட்டியே சிரித்துக்கொண்டு வந்தது. இறங்கும்போது அந்த அம்மா ஒரு முழம் மல்லிகையைத் தொட்டியின் கழுத்தில் சுற்றிவிட்டார்.

அக்காவின் வீடு ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், சிவப்புத் தரை போட்ட ஒற்றை அறையும் சமையல்கட்டும். கிழக்குச் சன்னலிலிருந்து இரண்டடி தள்ளித் தொட்டியை வைத்தார். காலை வெயில் வலைத்திரையில் வடிந்து ஓலைமேல் விழும். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, ஈரப் பனியன் துணியால் ஒவ்வொரு ஓலையாகத் துடைப்பார். நுனி காய்ந்தால் கத்தரிக்கோலால் வெட்டுவார், காய்ந்ததில் ஒரு நூல் அளவு விட்டுத்தான். "பச்சயத் தொட்டா திரும்பவும் காயும்" என்பார். எங்கள் வீட்டுச் செடிகளுக்குத் தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றுவேன் என்று நான் சொன்னபோது, "கடிகாரத்தக் கேட்டு ஊத்தாத. மண்ணக் கேட்டு ஊத்து" என்றார்.

ஒரு செப்டம்பரில் அவர் பத்து நாள் வேளாங்கண்ணிக்குப் போனார். சாவி என்னிடம். எங்களுடையது அதே ஊரில் கோயில் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். தென்னை சோர்ந்தால் அப்பா வேரடியில் கல்லுப்பைப் போடுவார். பனையும் தென்னைக்குப் பங்காளிதானே என்று இரண்டு கை உப்பைத் தொட்டியில் போட்டேன். அக்கா வந்தபோது ஓலை நுனிகள் எல்லாம் கருகியிருந்தன. அழுதுகொண்டே சொன்னேன். தொட்டி மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏண்டி, கொழம்பா வெச்சிட்டுப் போனேன், உப்புப் பத்தலன்னு போட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தண்ணீர்ப் பஞ்ச காலம். அடிபம்பில் ஒரு குடத்துக்கு முப்பது அடி அடிக்க வேண்டும். அந்த ஞாயிறு பூசைக்கும் போகாமல், இருவரும் மாறி மாறி அடித்து, அடித்துளை வழியாக உப்பு கரைந்து ஓடும்வரை ஊற்றினோம். மறுபடி ஊருக்குப் போனபோதும் சாவியை என்னிடமே கொடுத்தார்.

போன வருடம் ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா திண்டுக்கல் தங்கை வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. மூன்றுசக்கர மீன்பாடி வண்டியில் பனையை ஏற்றி என்னிடம் அனுப்பினார். "இதுக்கு ஒரே ஒரு ஆசதான் கௌரி. ஒரு எடத்துல வெச்சா அங்கயே உட்டுடணும். நவுத்திக்கிட்டே இருந்தா ஏங்கிப்போவும்."

அப்பா காலத்துக்குப் பிறகு நான் அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். அதன் சன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தது. வெளிச்சம் போதாதென்று பனையைக் கூடத்தில் வைத்தேன். விருந்தாளி வந்தால் அண்ணன் மாடிப்படிக்குக் கீழே தள்ளுவார். அண்ணி நல்ல மனதோடுதான் ஒருநாள் முழுவதும் முற்றத்து வெயிலில் வைத்தார். ஓலை வெளுத்துவிட்டது. "ஊட்டுக்குள்ள எதுக்குடி மரம்? கெணத்தாண்ட நட்டுட்டா தானா வளந்துகினு போவுது" என்றார். இந்த வீட்டில் எனக்கென்று நகர்த்தக் கூடாத இடம் ஒன்றும் இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து இன்லேண்ட் கடிதங்கள் வரும். முதல் வரி என் நலம், இரண்டாம் வரி பனையின் நலம். நான் பொய் எழுதினேன். புதுக் குருத்து விட்டிருக்கிறது என்று எழுதினேன். "குருத்து விரியறப்ப எழுது, பாக்க வர்றேன்" என்று பதில் வந்தது. விரியத் தொடங்கிவிட்டது என்று எழுதிவிட்டேன். வருவார் என்கிற ஆசைதான். ஆறு மாதமாக அதில் ஒரு குருத்தும் இல்லை. அது தெரியாமலே அக்கா போய்விட்டார். தெரிந்திருந்தால் என்ன சொல்லிச் சிரித்திருப்பார் என்று நானே யோசித்துப் பார்க்கிறேன், எதுவும் அவர் குரலில் வரமாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு அக்கா இருந்த வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கியது. வீட்டுக்காரம்மா திறந்துவிட்டார். சன்னலிலிருந்து இரண்டடி தள்ளி, சிவப்புத் தரையில் தொட்டி இருந்த வட்டம் அப்படியே இருந்தது. அதன்மேல் காலை வெயில் விழுந்திருந்தது.

"யாருக்கும்மா ஊடு?" என்றார்.

"தெரிஞ்சவங்களுக்கு" என்றேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை ஒரு பனியன் துணி, கத்தரிக்கோல், பதினோரு இன்லேண்ட் கடிதங்கள், காலையில் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் இந்த விரல். அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு நான் குடிபோகிறேன். பனையை அந்த வட்டத்திலேயே வைப்பேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.