அம்மா சொன்ன கடைசி அத்தியாயம்

இப்போதெல்லாம் மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். வாசிக்கிறேன் என்று சொல்வதெல்லாம் ஒரு கௌரவத்துக்காக. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடும். விழிக்கும்போது புத்தகம் மடியில் குப்புறக் கிடக்கும். யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்பது மறந்து போயிருக்கும். மறுநாள் மறுபடியும் அதே இரண்டு பக்கம். போன மாதம் எடுத்த நாவலை முடிக்க எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும். பேசாமல் படுத்தே தூங்கலாமே என்கிறாள் என் மகள். படுத்தால் தூக்கம் வராது. உட்கார்ந்தபடி தூங்குவது எங்கள் குடும்பத்தில் பெண்களுக்கு வாய்த்த வித்தை. அதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு தியேட்டரில், அறுபதுகளில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு அறைகள் வரிசையாக நிற்கும் சால். அறைக்கு ஒரு குடும்பம். வரிசை முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. அம்மா காலையில் ரயில் பாலத்தைத் தாண்டி மாட்டுங்காவுக்குப் போய், ஒரு மாமி வீட்டில் பாத்திரமும் துணியும் முடித்துவிட்டு மத்தியானம் திரும்புவாள். தீபாவளிக்கு முந்தைய மாதம் என்றால் அதோடு விடாது. திரும்பி வந்த கையோடு முறுக்கு. எங்கள் வாசலில் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இருட்டும்வரை கைமுறுக்கு சுற்றுவார்கள். ஒரு மிட்டாய்க் கடைக்காரர் அத்தனையையும் வாங்கிக்கொள்வார்.

அந்த வட்டத்தில் எனக்கும் ஒரு பதவி இருந்தது. கதை வாசிப்பவள். கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன், எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். அம்மாவுக்கு அவள் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கதைப் பைத்தியம். மாட்டுங்கா மாமி வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருப்பாள். அதில் ஒன்றை அம்மா கேட்டு வாங்கி வந்திருந்தாள். எனக்காக என்று மாமியிடம் சொல்லியிருந்தாள். என்னைவிட அவளுக்குத்தான் அது வேண்டியிருந்தது.

கதை ஒரு பெரிய வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏழைப் பெண்ணைப் பற்றியது. பதினான்கு பேருக்கு அவள்தான் சமையல். அந்த வீட்டுப் பெரிய மகனுக்கு அவள்மேல் பிரியம். அதை வெளியே சொல்ல அவனுக்கு முப்பது வாரம் ஆயிற்று. அவளுக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் எங்கள் வாசலில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "அந்தச் சமையக்காரப் புள்ள" என்றுதான் சொன்னார்கள். அவள்மேல் அவர்களுக்கு அவ்வளவு உரிமை. கதையில் யாராவது அவளை ஏசினால் பக்கத்து அறைப் பெரியம்மா, கையிலிருந்த மாவை அந்த ஆளின் முகம் என்று நினைத்துக்கொண்டு பிசைவாள்.

இப்படி ஒரு மாதம் வாசித்தோம். கடைசியில் அந்தப் பெண் ஒருநாள் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு இறங்கி ரயிலடியில் வந்து நிற்கிறாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். காலண்டர் அட்டை வந்துவிட்டது. கடைசி அத்தியாயம் பிய்ந்து எங்கேயோ போயிருந்தது.

"மாமிகிட்ட கேட்டுட்டு வா" என்றாள் பெரியம்மா.

"ஐயோ, வேண்டாம்க்கா" என்று அம்மா பதறிப்போனாள். "நாமதான் கிழிச்சோம்னு நெனச்சுப்புடுவாக. பெறவு ஒரு துண்டுக் காயிதம் வாங்க முடியுமா அந்த வீட்ல?"

மறுநாள் அந்தக் காகிதக் கட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முடிவை மகள் வாசிக்கக் கேட்டு அழுதாயா என்று மாமி கேட்டாளாம். ஆமாம் மாமி, ரொம்ப அழுதேன் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாளாம். இதை அவளே எங்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

அப்போதுதான் அப்பா அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். அதே கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள், தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா தியேட்டரில் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் பம்பாயில் தமிழ்ப் படம் என்றால் ஞாயிறு காலைக்காட்சிதான். ஒரே ஒரு காட்சி. மத்தியானம் வழக்கமான இந்திப் படம் வந்துவிடும். விட்டால் விட்டதுதான். எதற்கும் அசையாத அப்பா, என்ன தோன்றியதோ, தம்பிக்கும் சேர்த்து நான்கு டிக்கட் வாங்கி வந்துவிட்டார். தீபாவளிக்கு அதுதான் எங்களுக்குப் பெரிய பட்டாசு.

மற்றப் பெண்களால் வர முடியவில்லை. ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்குப் புருஷன் சம்மதமில்லை, பெரியம்மாவுக்கு முட்டுவலி. அதற்காக யாரும் பெரிதாக வருத்தப்படவுமில்லை. போய்விட்டு வருபவர் கதை சொல்ல வேண்டும், அது எங்கள் வரிசையின் சட்டம். அம்மா சொன்னால் படம் பார்த்த மாதிரியே இருக்கும் என்பார்கள். அவள் குரல் மாற்றுவாள், அழ வேண்டிய இடத்தில் மூக்கை உறிஞ்சுவாள், சண்டைக் காட்சியைக்கூட உட்கார்ந்தபடியே நடத்திக் காட்டிவிடுவாள். "அந்தப் புள்ளைக்கு என்னாச்சுன்னு பாத்துட்டு வந்து சொல்லிருளா" என்று பெரியம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அம்மா என்ன பாடு பட்டாள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். விடிவதற்கு முன்பே குழாயில் தண்ணீர் வந்துவிடும். "தண்ணி வந்துட்டு" என்று யாராவது கதவைத் தட்டுவார்கள், வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவாள். மாட்டுங்கா வீட்டில் மகளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கி அண்டா அண்டாவாகப் பாத்திரம். திரும்பி வந்தால் எண்ணெய்ச் சட்டி. தீபாவளியன்று எங்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் தான் எப்போது குளித்தாள் என்று எனக்குத் தெரியாது. அப்போதெல்லாம் அவளுக்கு அலுப்பு என்று ஒன்று இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் தீபாவளித் துணியில் கிளம்பினோம். அம்மா மல்லிகை வைத்திருந்தாள். தியேட்டரில் மெத்தை வைத்த நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி. சாய்ந்துகொள்ளலாமா என்று சந்தேகப்பட்டவள்போல் முதலில் நுனியில் உட்கார்ந்தாள். பிறகு மெல்லச் சாய்ந்தாள். செய்திப் படம் முடிந்து பெயர்கள் ஓடின. அந்தப் பெரிய வீடு வந்தது, அந்தப் பெண் அடுப்பை ஊதிக்கொண்டு வந்தாள். "அம்மா, நம்ம சமையக்காரப் புள்ள!" என்று நான் திரும்பினேன். அம்மா வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து உலுக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. ஒறங்கட்டும்."

"படம் போயிரும்ப்பா."

"போனாப் போவுது."

எனக்குத் தாங்கவில்லை. எவ்வளவு நாளாகக் காத்திருந்த படம்! இடைவேளையில் விளக்குப் போட்டார்கள், சோடாக்காரன் காதுக்குள் கத்தினான், தம்பி படியில் உருண்டு விழுந்து ஊரைக் கூட்டினான். அம்மா அசையவில்லை. கடைசிக் காட்சி முடிந்து தேசிய கீதம் போட்டபோது மொத்தத் தியேட்டரும் எழுந்து நின்றது, அவள் மட்டும் எழவில்லை. பின்வரிசைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து முறைத்தார். அப்பா விறைப்பாக நின்றபடியே ஓரடி நகர்ந்து அவளை மறைத்துக்கொண்டார். கூட்டமெல்லாம் போனபிறகு நாற்காலிகளைத் தட்டித் தட்டி மடக்கிக்கொண்டு வந்தான் கூட்டுகிறவன். அந்தச் சத்தத்தில்தான் அம்மா துள்ளி எழுந்தாள்.

"தண்ணி வந்துட்டா?" என்றாள்.

வெளியே வந்ததும் அப்பா என்னைத் தனியே நிறுத்தி, "வீட்ல போயி ஒண்ணும் சொல்லாதட்டி, என்ன?" என்றார். தலையை ஆட்டினேன். பாலத்தில் நடக்கும்போது அம்மா என்னிடம் முடிவைக் கேட்பாள், கேட்டதும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தேன். அவள் கேட்கவேயில்லை. வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. வாசிப்பவள் நான், பார்த்தவள் நான், என்னிடம் கேட்டால் குறைந்தா போய்விடுவாள்?

சாலில் பெரியம்மாவும் மற்றவர்களும் அடுப்பை அணைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள். நான் வாசித்துக் காட்டியதையெல்லாம் படத்தில் பார்த்ததாகவே சொல்லிக்கொண்டு போனாள். குரல் மாறியது, மூக்கை உறிஞ்சினாள், எல்லாம் சரியாக நடந்தது. ரயிலடி வந்தது. எப்படித் தாண்டப் போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரயிலு வந்துச்சு. ஏறிட்டா" என்றாள். "சன்னலோரமா எடம் கெடச்சுது. எந்த ஊருக்குப் போறோம்னு அவளுக்கே தெரியாது. யாரயும் தெரியாத ஒரு ஊர்ல எறங்குனா. அங்கன ஒரு ரூம் பாத்தா. உள்ள போயி கதவத் தாப்பா போட்டா. பாய விரிச்சா. படுத்தா."

"பெறவு?"

"பெறவு என்ன, ஒறங்குனா. ஒருத்தரும் வந்து கதவத் தட்டல."

பெரியம்மா மூச்சை நீளமாக விட்டாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "பொய்! அம்மா படம் பூரா ஒறங்கிட்டா! ஒண்ணுமே பாக்கல!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அப்பா கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. வட்டத்தின் நடுவில் போய் நின்று நிஜமான முடிவைச் சொன்னேன். பெரிய மகன் காரில் பறந்து வருகிறான், ரயிலைப் பிடிக்கிறான், அவளைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வருகிறான். வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய்ப் பதினான்கு பேருக்கும் காப்பி போட்டு எடுத்து வருகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். வணக்கம்.

"அதான பாத்தேன்" என்றாள் கைக்குழந்தைக்காரி. ஒருத்தி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் என்னைப் பாராட்டவில்லை.

பெரியம்மா மட்டும் முட்டியைத் தேய்த்தபடி அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஏளா, அந்த ரூம்ல போயிப் படுத்தாளே, அவ பெறவு எப்ப எந்திரிச்சா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்குத் தானா முழிப்பு வந்த பெறவுதான்" என்றாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எழுந்து போக ஆரம்பித்தவர்கள்கூட அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "அப்படிப் படத்துலயே இல்ல!" என்று மறுபடி கத்தினேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. இவ்வளவு விவரமாக எடுத்துச் சொல்லியும் இவர்களுக்கு ஏன் புரியமாட்டேன் என்கிறது என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.