கூரையில்லாத சின்ன வீடு

புயல் அடித்து ஒரு மாதம் இருக்கும். சிதம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் தெருவுக்கு மேல் ஒரு குட்டி விமானம் வந்தது. கழுகு அகலம்தான், உள்ளே ஆள் கிடையாது. கூரை போன வீடுகளைச் சர்க்கார் படம் எடுக்கிறது என்று பிறகு சொன்னார்கள். அது வந்தபோது நான் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் கீற்றுத் தட்டி, மேலே வானம். எங்கள் பக்கத்தில் மறைப்பு என்றால் அவ்வளவுதான். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பத்து நாள் கழித்து வி.ஏ.ஓ. பட்டியலோடு வந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் என் பெயரை நானே கண்டுபிடித்தேன். அதற்கு நேரே இரண்டு வீடுகள். ஓட்டு வீடு, சேதமில்லை. பின்னால் சின்ன வீடு, கூரை முழுதும் போய்விட்டது.

எட்டிப் பார்த்த என் நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன் அண்ணி, எங்கண்ணன் சின்ன வீடு வச்சிருந்தாரா? கொல்லையிலியேவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டி படத்தில் இருந்தால் நானும் இருப்பேன். தாலி கட்டியவரே பகலில் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் கடலூருக்குப் பஸ் ஏறினேன். ஆபீசில் எழுத்தர் கம்ப்யூட்டரில் படத்தை எடுத்துக் காட்டினார்.

"இதோ பாருங்கம்மா, நாலு செவுரு, கூரை இல்ல. உள்ள ஒரு தொட்டி, பக்கத்துல பானை."

"அது பானை இல்ல சார். நான்."

அவர் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "மொகம் ஒண்ணும் தெரியலம்மா."

"எனக்குத் தெரியுது. அழிச்சிடுங்க."

"என் கையில இல்லம்மா, சென்னைக்குப் போயிடுச்சி. மனு குடுத்தீங்கன்னா பட்டியல்ல இருந்து வீட்ட எடுத்துடுவேன். குளிக்கிற எடம்னு காரணம் எழுதுங்க."

அப்படி எழுதினால் மனுவைப் படிக்கிறவன் படத்தைத் தேடிப் பார்ப்பான். 'அது வீடு இல்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று சொல் எழுதக் கால் மணி நேரம் ஆனது. அவர் காத்திருந்தார்.

வீடு பட்டியலிலிருந்து போனது. படம் இருக்கிறது. எங்கே, யாரிடம் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரமே மறைப்புக்கு மேலே கீற்று வேய்ந்தேன். நாத்தனார் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"நாலு பக்கம் தட்டி, மேல கூரை. இப்ப நெசமாவே வீடாயிடுச்சே அண்ணி. வி.ஏ.ஓ.கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லிக்கோ" என்றேன். உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டேன்.