நான் சுரண்டிய இரண்டு எழுத்து

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பாலவனத்தம் ஸ்டெல்லா டீச்சருக்கு மிஷின் இல்லாமல் காது சுத்தமாகக் கேட்காது. அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காது மிஷின் ரிப்பேராகி என்னிடம் வந்தது.

உள்ளே அரிசிக் குருணை அளவில், மூன்று கால் உள்ள ஒரு பார்ட்ஸ் போயிருந்தது. அதன் முதுகில் இருந்த இரண்டு எழுத்துதான் அடையாளம். பத்து நாள் அலைந்து, ஒரு பழைய வாக்மேனில் அதே எழுத்துள்ளதைக் கண்டுபிடித்து மாட்டினேன். மிஷின் வேலை செய்தது. உடனே பிளேடால் அந்த எழுத்தைச் சுரண்டினேன். வேறு கடைக்காரன் எவனும் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதே! அதைத் தொழில் சாமர்த்தியம் என்று நினைத்த வயசு.

இரண்டு வருஷத்தில் மறுபடியும் அதே பார்ட்ஸ் போனது. நான் ஊரில் இல்லாததால் டீச்சர் மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார். எழுத்தைச் சுரண்டியிருக்கிறது, அது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பிவிட்டார்கள். என்னிடம் வந்தார். எனக்கும் அந்த எழுத்து மறந்து போயிருந்தது.

‘முடியாது டீச்சர்’ என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

“கம்பெனிக்காரவுகளே சுரண்டித்தான் அனுப்புவாக போல. நீங்க என்ன செய்வீக தம்பி? இனி பிள்ளைக வாயைப் பாத்தே பாடம் நடத்திக்கிறேன்” என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பி அவர் படி இறங்கியதும், “நான்தான் சுரண்டினேன் டீச்சர்” என்று சத்தமாகவே சொன்னேன்.

அவர் திரும்பவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.