முடிச்சிடாத ஐந்து ஒயர்கள்

உத்திரமேரூர் வட்டாரக் கணினி மையத்தார் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். காரியம் முடிந்து இத்தனை நாள் கழித்து இவ்வஞ்சலியை எழுத நேர்ந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

திரு. தணிகாசலம் அவர்கள் மறைந்த செய்தி ஒரு பாஸ்போர்ட் புகைப்படமாக என் கடைக்கு வந்தது. அவருடைய மைத்துனர் அதை மேசைமேல் வைத்தார். "யக்கா, போஸ்டருக்குப் பெருசு பண்ணணும். மாமா காலைல பூட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்."

உறக்கநிலையில் இருந்த என் கணினியை எழுப்பினேன். தடுமாறாமல் எழுந்தது. அவ்வாறு எழச் செய்தவர் தணிகாசலம் அவர்களே.

அறியாதோருக்குச் சொல்கிறேன். பேருந்து நிலையத்தருகே கணினி பழுதுபார்த்தவர் அவர். அடுத்த தெருவில் தட்டச்சு, ஸ்கேன் கடை நடத்துபவள் நான். கையேடுகளைப் படித்தே கணினி கற்றவள். ஆகையால் எவரிடமும் எதையும் கேட்பதில்லை. நான்காண்டுகளுக்கு முன் என் கணினி உறக்கத்திலிருந்து எழும்போதெல்லாம் நீலத்திரை காட்டி விழுந்தது. மும்முறை விண்டோஸை அழித்து நிறுவியும் பயனில்லை. பட்டா விண்ணப்பத்துக்கு அலைந்து சலித்த ஒருவர்தாம் அவரை அழைத்து வந்தார்.

அவர் திரையைப் பார்க்கவேயில்லை. பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, ஹார்ட் டிஸ்க் என எல்லா ஒயர்களையும் பிடுங்கினார்.

"என்ன செய்கிறீர்கள்?" என்றேன்.

"தூங்கினு கீற ஆள நாலு பேரு சேந்து உலுக்குனா எய்ந்து அறைவான்மா. ஒவ்வொருத்தரா அனுப்பிப் பாப்போம்."

ஒன்றைச் செருகி, உறங்கவைத்து, எழுப்பினார். பிறகு அடுத்ததைச் செருகினார். கைரேகைக் கருவியைச் செருகியதும் கணினி விழுந்தது. அதன் டிரைவரைப் புதுப்பித்தார். மின்சாரம் மிச்சப்படுத்த அதனை அணைக்கும் அமைப்பையும் நீக்கினார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்து பட்டுநூல் எடுத்து ஒயர்களில் கட்டினார். முதலில் செருக வேண்டியதற்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு. "இனிமே எவன் புடுங்கினாலும் வரிசை தப்பாது."

மறுவாரமே என் பலகையில் 'கணினி பழுது நீக்கப்படும்' என்று எழுதினேன். நானே சரிசெய்ததாகவும் சொல்லிக்கொண்டேன். அவர் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார். என் புத்தகத் தமிழுக்காக அவர் எனக்கு வைத்த பெயர் டீச்சரம்மா. "டீச்சரம்மா, நூலு வோணும்னா சொல்லுங்க. தறிக்காரங்ககிட்ட சொல்லி வெக்கிறேன்." அன்றும் நன்றி என்ற சொல் என் வாயில் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

சென்ற வாரம் அவருடைய துணைவியார் கன்னியம்மாள் என்னை அழைத்தார். மறைந்தவரின் மேசையில் அவருடைய மடிக்கணினி, மின்னிணைப்போடு, இன்னும் உறக்கநிலையிலேயே இருக்கிறது.

"ஏரிக்கரை சனங்க ரெண்டு தபா வந்து நின்னுட்டாங்கம்மா. புள்ளைங்க சாதிச் சான்றுக்கு அப்பன் பாட்டன் பேப்பரெல்லாம் இவருகிட்டதான் குடுத்தாங்க. இதுலதான் ஏத்தினு இருந்தாரு. இன்னும் சேவ் பண்ணல, யாரும் தொடாதீங்கன்னு சொல்லித்தான் மூடினாரு."

அவர் ஸ்கேன் செய்தபின் மழையில் நனைந்து கூழாகிவிட்ட தாள்கள் அவை. அக்குடும்பங்களுக்கு இனி எஞ்சியவை அதனுள் உள்ள படங்களே.

"எழுப்பும்போது என்ன செய்வார்?"

"ஏதோ ஒரு ஒயரப் புடுங்கிட்டுதான் எய்ப்புவாரு. எதுன்னு நான் பாக்கலியேமா."

ஐந்து ஒயர்கள். ஊரார் ஒயர்களுக்கெல்லாம் முடிச்சிட்டவர் தம்முடையவற்றில் ஒன்றைக்கூடக் கட்டவில்லை. கேட்டால், "நம்மளுது நமக்குத் தெரியாதா?" என்பாராம். பிடுங்காமல் எழுப்பினால் கணினி விழும். தவறானதைப் பிடுங்கினாலும், எல்லாவற்றையும் பிடுங்கினாலும், திறந்துள்ள கோப்பு கெடும். ஒரு மணி நேரம் அதன்முன் அமர்ந்திருந்துவிட்டு, தொடாமல் திரும்பினேன். அதன் ஓரத்தில் சிறுவிளக்கு மூச்சுப்போல் எரிந்து அணைந்துகொண்டிருந்தது.

ஐயா, தங்களுக்கு என் நன்றி. சென்று வாருங்கள்.

எனக்குத் தெரியவில்லை, ஆகவே கேட்கிறேன். அவர் தம் கணினியை எழுப்பியதை உங்களில் எவரேனும் பார்த்திருந்தால், எந்த ஒயரைப் பிடுங்குவார் என்று விரைந்து பதில் எழுதுங்கள்.