இடக்கையின் நிதானம்

வலக்கைப் பந்து இரண்டு முறை சுற்றி வருவதற்குள் இடக்கைப் பந்து ஒரே ஒரு முறைதான் சுற்றுகிறது. இரண்டும் பாதத்தருகே ஒன்றாக இறங்குகின்றன, உடனே பிரிந்துவிடுகின்றன. ஒன்றரை முழக் கயிறு, ஒரு முனையில் விரல் நுழையும் வளையம், மறுமுனையில் மணல் அடைத்த துணிப்பந்து. அயல்தேசத்தார் ‘போய்’ என்றழைக்கும் இவ்வாட்டத்தை எங்கள் அடுக்ககத்தில் ‘கயித்துப் பந்து’ என்கிறார்கள். ஆடுகிறவருக்கு நாற்பது வயது. மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவர், தரைத்தளத்தில் மனைவியோடு குடியிருக்கிறார். எல்லாருக்கும் அவர் ‘லிஃப்ட்டு’.

‘லிஃப்ட்டு’ ஒருபோதும் மின்தூக்கியில் ஏறுவதில்லை. காரணம் கேட்டேன். “அதை ரிப்பேர் பண்ணது யாருன்னு எனக்குத் தெரியும்ல சார்” என்றார். வலக்கையால் புகார்ப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இடக்கையால் டம்ளரைச் சுழற்றித் தேநீரை ஆற்றுவார். எழுத்தும் கோணாது, தேநீரும் சிந்தாது. பந்துகள் இரண்டும் அவருடைய கருவிப்பையில் ஸ்பானர்களுக்கு நடுவே கிடக்கும்.

“என்ன தம்பி, ஒரு கை எக்ஸ்பிரஸ், ஒரு கை பாசஞ்சரா?” என்று காவலாளி நாள்தோறும் சீண்டுவார்.

“எக்ஸ்பிரஸ் யார் வேணா ஓட்டலாம்ணே. பாசஞ்சர ஓட்டிப் பாரு, அப்பத் தெரியும்.”

அவர் சொன்னது மெய். கைக்கடிகாரத்தை வைத்து மாடியிலிருந்து மூன்று நாள் எண்ணிப் பார்த்தேன். வலக்கை நிமிடத்திற்கு நூறு சுற்று. அதில் பிழையே இல்லை. இடக்கை முதல் நிமிடத்தில் ஐம்பது, இரண்டாவதில் ஐம்பத்து மூன்று, மூன்றாவதில் ஐம்பத்தெட்டு. விசையைக் குறைத்தால் பந்து உச்சியில் கயிறு தளர்ந்து தலையில் விழுகிறது. கூட்டினாலோ, வலக்கையோடு சேர்ந்து ஓடத் துடிக்கிறது. நான்காவது நிமிடத்தை அவர் ஒருநாளும் முழுமையாகக் கடந்ததில்லை.

மொட்டைமாடி விசாலமானது, வாகனங்களும் இல்லை. இருந்தும் வாயிற்கதவை ஒட்டிய குறுகலான இடத்தில்தான் ஆடுகிறார். இரண்டாம் மாடித் தையற்காரரின் ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்று இதற்கு ஏற்கெனவே பலியாகிவிட்டது. காரணம் எனக்குப் பிடிபடச் சில வாரங்கள் ஆயின. காலை ஆறரை மணிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் வண்டி எங்கள் வாயிலில் நிற்கும். அதில் வேலைக்குப் போகிறவர்களில் ஒருவர் அடுத்த தெருவில் வசிக்கும் ‘லிஃப்ட்டு’வின் அக்கா. தம்பி வீட்டுக்கு வருவார், போவார். தம்பி மனைவியோடு மணிக்கணக்கில் பேசுவார். வாயிலில் நிற்கும்போது மட்டும் பந்தின் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார்.

மின்தூக்கி பழுதான ஒருநாள், படிக்கட்டில் அமர்ந்து கையில் இருந்த கிரீஸைத் துடைத்தபடி தம்பியே சொன்னார். இளமையில் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடியவர்கள். தோளோடு தோள் ஒட்டி, உட்புறக் கைகளைக் கோத்துக்கொண்டு, வெளிப்புறக் கையில் ஆளுக்கொரு பந்து. தம்பிக்கு விரைவு, அக்காவுக்கு நிதானம். ஒரே உடல் இரண்டு கதியில் ஆடுவதுபோல் இருக்குமாம். ஒரு போட்டியில் முதற்பரிசு கிடைத்தது. மைக்கை நீட்டி, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள்.

“வேகமெல்லாம் என் கைதான், அக்கா சும்மா ஒத்தாசைக்குச் சுத்துதுன்னு சொல்லிட்டேன் சார். கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. அக்காவும் சிரிச்சுது.” துணியை மடித்து வைத்தார். “மறுநாள் பந்தைக் கொண்டாந்து மேசைமேல வச்சிட்டு, ‘எனக்குக் கை ஒழியலடா’ன்னு போயிடுச்சு. தனியா ரெண்டு கையாலயும் சுத்த ஆரம்பிச்சப்புறந்தான் உறைச்சுது. நான் அன்னிக்கு அக்கா கையைப் பாத்துத்தான் சுத்தியிருக்கேன். அதை எப்படிச் சொல்றது? வருஷம் ஓடிப்போச்சு.”

சென்ற வியாழனன்று வண்டி தாமதித்தது. பால் வாங்க நான் கீழே இறங்கியிருந்தேன். அக்கா வாயிலில் நின்றார். தம்பியின் இடக்கை மூன்றாவது நிமிடத்தில் வழக்கம்போல் ஓடத் தொடங்கிற்று. இரண்டு பந்துகளும் மோதிச் சிக்கிக்கொண்டன.

“அக்கா, ஓடுதுக்கா” என்றார், சிக்கலைப் பிரித்தபடி.

அக்கா பந்தின் பக்கம் திரும்பி, “மேல போனதும் ஒரு நொடி காத்திருக்கணும். உனக்கு எங்க அதுக்குப் பொறுமை?” என்றார்.

“நீ எப்படிக்கா காத்திருந்த?”

“நீ ரெண்டாவது சுத்து முடிச்சு வந்து சேரணுமே. அதுக்குத்தான்.”

தம்பி தலை குனிந்தார். “அன்னிக்கு மைக்குல நான் பேசினது தப்புக்கா.”

“மைக்குல பேசினத, பன்னெண்டு வருஷம் கழிச்சு மைக் இல்லாம சொல்றியாக்கும்?”

காவலாளி சிரித்துவிட்டார், அக்காவின் உதட்டிலும் சிரிப்புத் தோன்றி மறைந்தது. அந்தத் துணிவில் தம்பி இடக்கைப் பந்தை நீட்டினார்.

“ஒரே ஒரு சுத்து. நான் வலது, நீ இடது. வாக்கா.”

மறுப்பார் என்றே எண்ணினேன். கைப்பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு, தம்பியின் தோளை ஒட்டி நின்றார். பந்து முன்னும் பின்னும் ஊசலாடியது. மேலே வீசக் கையை எடுத்தார். கை மார்பளவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. முகம் சுளித்தது. மீண்டும் முயன்றார். அதே உயரம்.

“ஈரத்துணி இழுத்து இழுத்து மூணு வருஷமா தோள் இதுக்கு மேல ஏறாதுடா” என்றார், வேறு யாருடைய தோளைப் பற்றியோ சொல்வதுபோல.

“என்கிட்ட சொல்லவே இல்லியேக்கா.”

“நீ கேக்கவே இல்லியே.”

வண்டி வந்து நின்று ஒலியெழுப்பியது. அக்கா வளையத்தைக் கழற்றித் தம்பியின் இடது நடுவிரலில் மாட்டி, நழுவாதபடி இழுத்து இறுக்கினார். பின்பு அந்தக் கையை அவருடைய இடுப்பருகே தணித்து, அது நிற்கவேண்டிய இடத்தில் வைத்து, வண்டி இரண்டாம் முறை ஒலியெழுப்பும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.